ரேடியேட்டருக்குப் போட்ட மாலை

சின்னராசுவைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுடைய பயத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். செங்காங்கில் அவனும் நானும் ஒரே அடுக்குமாடி புளோக். அவன் மேல்மாடி, நான் கீழ்மாடி. லிஃப்டில் ஒன்றாக ஏற நேர்ந்தால், எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும் தகட்டை முதலில் பார்ப்பான். அப்புறம் என் வயிற்றைப் பார்ப்பான். "நீ போ, நான் அடுத்ததுல வரேன்" என்பான்.

விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தே தலை நரைத்தவன். விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டிகளை அடுக்குவது அவன் பிழைப்பு. ஆனால் ஒரு தடவைகூட அவன் பறந்தது கிடையாது. ஏன் என்று கேட்டால், "உள்ள எவ்ளோ கனம் ஏத்துறோம்னு எனக்குத் தெரியும்ல, தெரிஞ்சுக்கிட்டே எப்படி ஏறுவேன்?" என்பான். அதனால்தான் எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் பெண் எடுத்தான் என்று நான் புளோக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். தரை வழியாகவே போய்த் திரும்பக்கூடிய மாமியார் வீடு அவனுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

அவன் மனைவி பூங்கொடி அவனுக்கு நேர்மாறு. கரப்பான்பூச்சியைக் கையால் அடிப்பாள். டவுன் கவுன்சில் ஆட்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். அவளுக்கு இரண்டே பயம். ஒன்று சாமி, இன்னொன்று அவள் அண்ணன் ரெங்கநாதன். ஜொகூரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்தால் இப்போதும் ஐம்பது வயது ஆட்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். பூங்கொடி மகன் அகிலனின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டது. மனுஷர் கல்யாணத்துக்கே வரவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. வருஷக்கணக்காகிவிட்டது. இவளும் போன் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு மட்டும் யார் மூலமாகவோ எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இனி காருக்கு வருவோம். சிஓஇ என்கிற வாகன உரிமத்தைப் பணம் கட்டிப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கும் பழைய ஜப்பான் வண்டி. ஒரு நாள் இரண்டு பேரும் லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்க அதில் போனார்கள். கே.பி.இ. விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் முன்னால் ஏதோ விபத்து. ஒரு வண்டியும் நகரவில்லை. மேலே கான்கிரீட், பக்கத்தில் சுவர், முன்னும் பின்னும் சிவப்பு விளக்குகள். அப்போது பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக வந்தது. ஆவிதான், ஆனால் பூங்கொடி நெருப்பு என்று நினைத்துக் கந்த சஷ்டி கவசத்தைச் சத்தமாக ஆரம்பித்துவிட்டாள். இவன் இறங்கி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். சூட்டில் திறக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். பயத்தில் கை தானாகப் போய்த் திறந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் முழங்கை வரை அடித்தது.

தோல் ஆறியது. பயம் ஆறவில்லை. அதற்கப்புறம் அவன் கார் ஓட்டியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாலையைப் பார்ப்பதைவிட சூடு காட்டும் ஊசியை அதிகம் பார்ப்பான். ஊசி நடுவில் நின்றால், "ஏன் அசையவே மாட்டேங்குது, கெட்டுப்போச்சோ?" என்பான். ஒரு மயிரிழை ஏறினால் ஓரமாக நிறுத்திவிடுவான். செங்காங்கிலிருந்து சிராங்கூன் போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் ஓய்வு. நடந்து போன பாட்டிமார்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

கடைசியில் யூபி தொழிற்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஸைஃபிடம் கொண்டுபோனான். நானும் கூடப் போனேன். ஸைஃப் சின்ன வயசுக்காரன், பொறுமைசாலி. எங்கள் ஆள் மாதிரி வாடிக்கையாளர்கள் இருந்தால் பொறுமை தானாக வந்துவிடும்.

"அண்ணே, பழசுல மேல்தொட்டி பிளாஸ்டிக்லா. சூடு பட்டுப் பட்டு விரிசல் வுட்டுடுச்சு. அன்னிக்கு அவசரத்துக்கு நான் ஒட்டிக் குடுத்தேன், அதுவும் ரொம்ப நாள் தாங்காது. அதே மாதிரி புதுசு ஒண்ணு போட்டா போதும்."

"போதும்ங்கிற பேச்சே வேணாம் தம்பி. இருக்கிறதுலயே பெருசு எது?"

"முழுக்க அலுமினியத்துல தடியா வருது. அது ரேஸ் ஓட்டுறவங்க போடுறது. நீங்க மார்க்கெட்டுக்குப் போறீங்க."

"அதையே போடு."

"ஃபேனும் பெருசா ரெண்டு போடணும்."

"போடு. ஒரு ஃபேன் நின்னுட்டா?"

"இன்னொண்ணு ஓடும்."

"அதுவும் நின்னுட்டா?"

"நீங்க இறங்கி ஊதுங்கண்ணே."

நான் சிரித்தேன். சின்னராசு சிரிக்கவில்லை. ஊதினால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசிக்கிற முகம். ஸைஃபுக்கே பாவமாகிவிட்டது. புது ரேடியேட்டரைத் தூக்கி வந்து காட்டினான். பழையதைப் போல இரண்டு மடங்கு தடிமன். தேன்கூடு மாதிரி மெல்லிய தகடுகள். "இஞ்சின் சூட்டை எடுத்துக்கிட்டுத் தண்ணி இங்க வரும். முன்னாடிலேர்ந்து காத்து இதுக்குள்ள பூந்து அந்தச் சூட்டைக் கொண்டுபோயிடும். அவ்ளோதான் விஷயம். இதப் போட்டதுக்கப்புறமும் சூடாச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்" என்றான்.

போட்டார்கள். புது ஹோஸ், புது மூடி, சூட்டைத் தணிக்கிற பச்சை நிறக் கூலன்ட் திரவம், எல்லாம். நாங்கள் மூவரும் வேண்டுமென்றே மாலை நெரிசலில் சுரங்கத்துக்குள் போய் வந்தோம். ஊசி நடுவுக்குக் கீழேயே நின்றது. சின்னராசு வீட்டுக்குக் கீழே வந்து காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, அந்த ரேடியேட்டரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளையை அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

ஆயுத பூஜை வந்தது. வண்டி வைத்திருக்கிற நம் ஆட்கள் எல்லாரும் சிராங்கூன் ரோட்டுக் கோயில் வாசலில் வரிசை கட்டுவார்கள். சின்னராசு அதற்கு முன்னால் பூக்கடைக்குப் போனான். என்னையும் இழுத்துப் போனான்.

"நல்ல கனமா ஒரு மாலை வேணும்மா. உங்ககிட்ட இருக்கிறதுலயே பெருசு."

பூக்கடை அம்மாள், "கல்யாண மாலையா? பொண்ணுக்கா, மாப்பிள்ளைக்கா?" என்று கேட்டாள்.

"ரேடியேட்டருக்கு" என்றான்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

செவ்வந்தியும் ரோஜாவும் சம்பங்கியுமாகக் கையளவு தடிமனில் கட்டிக் கொடுத்தாள். நடுவில் மாவிலை, வேப்பிலை. காரின் முன்பக்கக் கம்பிவலையில் அதை ஒரு சுற்றுத் தொங்கவிட்டால் போதும். இவன் மூன்று சுற்றாக மடித்து, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். ஓர் இடுக்குத் தெரியவில்லை. குருக்களிடம் கெஞ்சி, பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கும் தனியாகச் சந்தனம், குங்குமம் வைத்தாகிவிட்டது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, கார் கிளம்பியபோது முன்பக்கத்திலிருந்து பார்த்தால் பூந்தோட்டம் ஒன்று ஊர்ந்து வருவது போலிருந்தது.

பூங்கொடி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "சாமிக்குப் போட்ட மாலை. அதுவா காஞ்சு அதுவா உதிரணும். யாரும் கைய வைக்கக் கூடாது. வெச்சா ஏதாச்சும் கெட்டது நடக்கும். எங்க சித்தப்பா லாரி மாலையில கைய வெச்சாங்க, என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்." அந்த ஊரில் நான் இல்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை. நான் காப்பிக் கடையில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பூங்கொடி. அவள் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

"அண்ணே, பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு உடனே வாங்க. அவரு தனியா ஓட்ட மாட்டேங்கிறாரு. நீங்க பக்கத்துல இருந்தா ஓட்டுவாரு."

ரெங்கநாதனுக்கு மாரடைப்பு. ராத்திரியே ஜொகூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, உடனே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். எல்லாம் தயார். ஆனால் மனுஷர் சம்மதிக்கவில்லை. "என் தங்கச்சி மூஞ்சியப் பாக்காம உள்ள போமாட்டேன்" என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவரிடம் யார் பேசுவது? மத்தியானத்துக்கு மேல் காத்திருந்தால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரெங்கநாதனின் மகன் அழுதுகொண்டே போன் செய்திருக்கிறான்.

போனிலேயே பேசிச் சமாதானம் சொல்லலாமே என்றேன். முயன்றார்களாம். தங்கையின் குரல் கேட்டதும் அவர் போனை மகனிடம் கொடுத்துவிட்டு, "நேர்ல வரச் சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பஸ்ஸில் போகலாமென்றால் பூங்கொடிக்கு முட்டி வலி, சோதனைச் சாவடியில் ஏறி இறங்கி வரிசையில் நிற்க முடியாது. ஆக, கார்தான்.

விரைவுச்சாலையில் போனவரை ஒன்றும் தெரியவில்லை. வேகத்தில் காற்று எப்படியோ உள்ளே போயிருக்க வேண்டும். ஊசி நடுவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. "நேத்து இவ்ளோ இல்லையே" என்றான் சின்னராசு. "நேத்து நீ மட்டும் பயந்துக்கிட்டிருந்த, இன்னிக்கு வண்டியும் பயப்படுது" என்றேன். வாயை மூடச் சொல்லிப் பூங்கொடி பின்சீட்டிலிருந்து என் தோளைத் தட்டினாள்.

உட்லண்ட்ஸில் எங்கள் பக்கச் சோதனையைத் தாண்டி, ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தில் ஏறினதும் எல்லாம் நின்றது. சனிக்கிழமை, கேட்கவா வேண்டும். மூட்டைக்குள் திணித்த நெல்லிக்காய் மாதிரி கார்கள். ஒரு கார் நீளம் நகரும், நிற்கும். இன்னொரு கார் நீளம், நிற்கும். பக்கத்தில் கடல், தலைக்கு மேல் வெயில். திரும்பிப் போகவும் வழி இல்லை. மோட்டார்சைக்கிள்காரர்கள் மட்டும் தங்கள் பாதையில் ஈக்கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு போனார்கள்.

ஊசி ஏறியது.

முதலில் சின்னராசுதான் பார்த்தான். ஏர்கானை நிறுத்தினான். ஜன்னல்களை இறக்கினான். வெந்நீர்த் துணியைப் போட்ட மாதிரி அனல் உள்ளே வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். ஊசி முக்கால் பங்கு தாண்டி, சிவப்புக் கோட்டைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் அங்கே நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

"ஏங்க, ஏன் ஏசிய நிறுத்துனீங்க?"

"சும்மாதான்."

"பொய் சொல்லாதீங்க. சுரங்கத்துலயும் இப்படித்தான் சும்மான்னு சொன்னீங்க."

அவன் போனை எடுத்து என்னிடம் நீட்டினான். "ஸைஃபைப் பிடி. ஸ்பீக்கர்ல போடு." அவன் விரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டு எதுவும் ஓடவில்லை.

ஸைஃப் எடுத்தான். சொன்னேன். "ரெண்டு ஃபேனும் சுத்துதா?" என்றான். காதைக் கொடுத்துக் கேட்டோம். பெரிய இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருந்தது. "கீழ தண்ணி ஒழுகுதா?" எட்டிப் பார்த்தேன், இல்லை. "முன்னாடி எதாச்சும் மறைச்சிருக்கா? பிளாஸ்டிக் பை, அட்டை, அந்த மாதிரி?"

"ஒண்ணும் இல்ல தம்பி" என்றான் சின்னராசு. மனசாரச் சொன்னான். "நேத்துப் பூஜை போட்டோம்ல, சாமி மாலை மட்டும்தான் இருக்கு."

போனில் ஸைஃப் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே, மாலை எவ்ளோ பெருசு?"

"மூணு சுத்து."

பிறகு ஸைஃப் தொண்டையைச் செருமினான். "அண்ணே, நான் சொல்றதத் தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க சாமி விஷயம். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ரேடியேட்டருக்குக் காத்து வேணும். ஓடும்போது பரவால்ல, நிக்கும்போது சுத்தமா வராது. ஃபேன் எதை இழுக்கும்? பூவையா இழுக்கும்? இப்படியே வுட்டா இஞ்சினோட மேல்பாகம் சூட்டுல வளைஞ்சிடும். வண்டி அங்கேயே நின்னுடும். நீங்களே பாத்து முடிவு பண்ணிக்குங்க."

நான் போனை மடியில் வைத்துக்கொண்டேன். காருக்கு முன்னால் கட்டியிருந்த பூவின் வாசனை, வெந்துபோன வாசனையாக ஜன்னல் வழியே வந்தது. அதோடு கூலன்ட்டின் இனிப்பு வாடை. சுரங்கத்தில் வந்த அதே வாடை என்று சின்னராசு பிறகு சொன்னான்.

"கழட்டக் கூடாது" என்றாள் பூங்கொடி.

"பூங்கொடி."

"கழட்டக் கூடாதுங்க. அங்க எங்கண்ணன் நெஞ்சத் திறக்கப் போறாங்க. இன்னிக்குப் பாத்துச் சாமி மாலையில கை வெப்பீங்களா? வேற எந்த நாளா இருந்தாலும் வைங்க. இன்னிக்கு வேணாம். அவருக்கு எதாச்சும் ஆச்சுன்னா என் ஆயுசுக்கும் தூங்க மாட்டேன்."

"வண்டி நின்னுட்டா நாம போய்ச் சேர மாட்டோம். நாம போய்ச் சேரலன்னா அவரு உள்ள போமாட்டாரு."

"அப்ப ரெண்டு பக்கமும் சாவுதானா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. டவுன் கவுன்சிலை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பிறகு ஒரு மணிச் சத்தம், விட்டு விட்டு. மறுபடியும் போன். அண்ணன் மகன். "அத்தே, எங்க இருக்கீங்க? அப்பாவுக்கு வேர்க்குது. டாக்டர் திட்டுறாரு." பூங்கொடி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

லிஃப்டில் ஏறத் தகட்டைப் படிக்கிற சின்னராசு அப்போது கதவைத் திறந்து இறங்கினான். பாலத்தின் மேல் யாரும் இறங்கக் கூடாது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். முன்பக்கம் போய் நின்றான். மாலையைப் பார்த்தான். கையை நீட்டினான், பாதியில் இழுத்துக்கொண்டான். கும்பிட்டான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது எனக்குக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது. பிறகு பூங்கொடி உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வந்தான்.

"இந்தா பாரு. கழட்டுனா கெட்டது நடக்கும்னா, நடக்கட்டும். எனக்கு நடக்கட்டும். அந்த மாலையை என் கழுத்துல போடு. கீழ போடல, குப்பையில போடல. சாமிக்குப் போட்டத என் மேல வெச்சிருக்கேன். கோவம்னா என்மேலதான் வரணும். உங்கண்ணனத் தொடாது."

"ஏங்க, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. சீக்கிரம் வா, நான் மனச மாத்திக்கிறதுக்குள்ள."

பூங்கொடி முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நானும் இறங்கினேன். நைலான் முடிச்சு அவிழவில்லை, அவன் கட்டின கட்டு அப்படி. நான் என் வீட்டுச் சாவியால் அறுத்தேன். மாலையைத் தொட்டது நான் இல்லை, கயிற்றை மட்டும்தான் தொட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பூங்கொடி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, இரண்டு கையாலும் மாலையை எடுத்தாள். ரேடியேட்டர் பக்கம் இருந்த பூ எல்லாம் வெந்து பழுப்பாக இருந்தது. சின்னராசு தலையைக் குனிந்தான். அவள் மூன்று சுற்றையும் அவன் கழுத்தில் போட்டாள். மூக்குக்குக் கீழே எல்லாம் பூ. கண் மட்டும் தெரிந்தது. வெட்டக் கொண்டுபோகிற ஆட்டுக்கு அப்படித்தான் கண் இருக்கும்.

பக்கத்துக் காரில் ஒரு சீனக் குடும்பம் போன் எடுத்து வீடியோ எடுத்தது.

ஊசி உடனே இறங்கவில்லை. அந்த நேரத்தை என்னால் சொல்ல முடியாது. ஃபேன்கள் இரைந்தன, மணி அடித்தது, நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் அதையே பார்த்தோம். பிறகு மணி நின்றது. ஊசி ஒரு நூல் இறங்கியது. இன்னொரு நூல். ஸைஃப் போட்ட அந்தத் தடித்த அலுமினியம் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. சிவப்பைவிட்டு விலகி, முக்காலுக்கு வந்து, நாங்கள் மலேசியப் பக்கத்துச் சோதனைக் கூண்டை அடைந்தபோது நடுவுக்கே வந்துவிட்டது.

சின்னராசுவின் முகத்தில் ஒரு நிம்மதியும் இல்லை. காரின் பயம் போய் இப்போது மாலையின் பயம். எதிரே லாரி வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். கூண்டில் இருந்த அதிகாரி குனிந்து பார்த்து, மாப்பிள்ளையா என்று மலாயில் கேட்டார். இவன் என்னைப் பார்த்தான். "ஆமா சார், லேட்டாயிடுச்சு, கொஞ்சம் சீக்கிரம் வுட்டுடுங்க" என்று நான் மலாயில் சொன்னேன். அவர் சிரித்து, வாழ்த்துச் சொல்லி முத்திரை குத்தினார். பின்சீட்டில் பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

மருத்துவமனை வாசலில் மாலையைக் கழற்றிவிட்டு வா என்றேன். "ஆபரேஷன் முடியிற வரைக்கும் கழட்ட மாட்டேன்" என்றான். அப்படியே மேலே போனான். லிஃப்டில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கியடித்து நின்றோம். எத்தனை பேர் ஏறலாம் என்று அவன் படிக்கவில்லை.

ரெங்கநாதன் சக்கரக் கட்டிலில் படுத்திருந்தார். மனுஷர் பாதியாகிவிட்டிருந்தார். பூங்கொடி வாசலிலேயே நின்றுவிட்டாள். திட்டுவாரோ என்று பயம். அவர் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவள் தலைக்கு மேலே பார்த்தார். பூக்குவியலுக்கு நடுவே சின்னராசுவின் கண்கள்.

"என்ன மாப்ள, மாலையோடயே வந்துட்டீங்க? நான் இன்னும் போகலையே" என்றார்.

பூங்கொடி ஓவென்று அழுதுவிட்டாள். அவர் கையை நீட்டினார். அவள் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்றாளே தவிர வேறு ஒன்றும் வரவில்லை. அவரும் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு மகனைப் பார்த்து, "டாக்டரக் கூப்புடு, போலாம்" என்றார்.

தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்தோம். பாதி வழியில் அவர் சின்னராசுவைக் கிட்டே வரச் சொன்னார். மாலை இடித்ததால் இவன் பக்கவாட்டில் குனிய வேண்டியிருந்தது. ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் ரகசியம் என்றால் என் காது சும்மா இருக்குமா?

"மாப்ள, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. தங்கச்சிகிட்டச் சொல்லாதீங்க."

சின்னராசு தைரியம் சொல்லவில்லை. அது அவனிடம் இருந்தால்தானே. "எனக்கும்தான் மச்சான்" என்றான். "வாயத் திறந்து மூச்சு வுடுங்க. நான் அப்படித்தான் செய்வேன். பயம் போகாது. ஆனா நேரம் போயிடும்."

கட்டொழுங்கு ஆசிரியர் சொன்னபடி கேட்டார். வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டே கதவுக்குள் போனார். நர்ஸ் எங்களை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

அப்புறம் காத்திருப்பு. பூங்கொடி பிள்ளையார் பெயரை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். சின்னராசு ஒரு மூலை நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தான். யார் கொண்டுவந்து கொடுத்த காப்பியையும் குடிக்கவில்லை. வந்து போகிற ஜனம் எல்லாம் அவனைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது. எறும்பு கடித்தது, கழுத்தைச் சொறிந்துகொண்டான். ஒரு தடவை அவன் நெஞ்சைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு எனக்குத் திக்கென்றது. "என்னடா?" என்றேன். "பசி" என்றான். "ஆனா பசிதானான்னு தெரியல."

சாயங்காலம் கதவு திறந்தது. பச்சைத் தொப்பியோடு டாக்டர் வந்தார். பூங்கொடி எழுந்தாள், அண்ணன் மகன் எழுந்தான், நான் எழுந்தேன். டாக்டர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. அவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறார்களோ என்னவோ. அவர் இங்கிலீஷில் நிறையச் சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது. கடைசியில் அவர் தலையை ஆட்டியதும் பூங்கொடியின் தோள் இறங்கியதும் முழுதாகப் புரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். சின்னராசு எழுந்திருக்கவே இல்லை. கண்ணை இறுக்கி மூடியிருந்தான். இரண்டு கையாலும் காதை அடைத்திருந்தான், எதையும் கேட்டுவிடக் கூடாது என்று. வாய் திறந்து மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.

பூங்கொடி போய் அவன் முன்னால் குனிந்தாள். கையைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. நானும் போய் இன்னொரு கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரிக்க வேண்டியிருந்தது.

"நல்லா இருக்காருங்க" என்றாள், அவன் காதுக்குப் பக்கத்தில். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சாம்."

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"இன்னொரு தடவ கேட்டுட்டு வா" என்றான்.